சுக்குக்கும் மல்லிக்கும் வைத்த முருங்கை: ஈசூன் வீடு ஒன்றின் முயல் இணை பற்றிய நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீடு ஒன்றில் வளரும் இரண்டு முயல்களைப் பற்றியது இந்த ஆய்வு. ஆணுக்குச் சுக்கு என்றும் பெண்ணுக்கு மல்லி என்றும் பெயர். இரண்டும் கலப்பினம், இரண்டுக்கும் வயது இரண்டை ஒட்டியிருக்கும், எடை ஏறத்தாழ இரண்டு கிலோ, சுக்கு மட்டும் அதற்குச் சற்று மேலே. கருத்தடை செய்வதற்கு முன் ஒரே ஓர் ஈற்று குட்டி பார்த்துவிட வேண்டும் என்பது குடும்பத்தாரின் ஆசை. பிப்ரவரியிலிருந்து மூன்று முறை இணை சேர்த்தும் குட்டி இல்லை என்பது ஜூன் மாதம் அவர்கள் என்னிடம் சொன்ன குறை. "முருங்கை இலைத்தூள் மூன்று மாதமாகக் கொடுக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லையே அண்ணே, அளவைக் கூட்டலாமா?" என்பதே அந்த வீட்டுப் பெண்மணி கேட்ட கேள்வி.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். சிங்கப்பூருக்கு வருமுன் நாமக்கல் பக்கம் தீவன ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் அளந்து பல ஆண்டுகள் கழித்தவன். ஆகவே இதில் வரும் தீவனக் கணக்கு என்னுடையது. நோய் பற்றிய முடிவுகள் முயல்களைப் பரிசோதித்த விலங்கு மருத்துவருடையவை. குட்டி வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உடன்பாடானதன்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளர்ப்பதாகச் சொல்லி வாங்கிப் பின்னர் கைவிடப்படும் முயல்கள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை.

கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் சுக்குவின் கூண்டின் அடித்தட்டை இழுத்துப் பார்த்தேன். சலவைப் பகுதியில், துணி காயும் கம்பிகளுக்குக் கீழே இருந்தது அந்தக் கூண்டு. தட்டின் ஓரத்தில் சிறுநீர் காய்ந்து, கோலமாவைக் கரைத்து ஊற்றியது போல் வெள்ளைப் படலமாகப் படிந்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் மணல் போல நெறுநெறுத்தது. சுக்குவின் பின்பக்க முடியில் மென்மையான, பசை போன்ற புழுக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. முயலுக்கு இரண்டு வகைப் புழுக்கை உண்டு. உருண்டையாக உலர்ந்து விழுவது ஒன்று. சீக்கம் என்னும் பெரிய குடற்பையில் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து, திராட்சைக் கொத்துப் போல் வெளிவருவது மற்றொன்று. இரண்டாவதை முயல் குனிந்து நேரடியாகத் தின்றுவிடும். உயிர்ச்சத்துகளும் நுண்ணுயிர்ப் புரதமும் அதற்குத் திரும்பக் கிடைக்கும் வழி அது. உணவில் புரதம் மிகுந்து நார் குறைந்தாலோ, உடல் பருத்துக் குனிய முடியாமல் போனாலோ, அது தின்னப்படாமல் வாலடியில் ஒட்டிக்கொள்ளும். சுக்குவுக்கு இரண்டு காரணமும் பொருந்தின.

அளவைக் கூட்டுவது பற்றிய பேச்சை அன்றே நிறுத்திவிட்டு, முதலில் மருத்துவரிடம் போகச் சொன்னேன். ஊடுகதிர்ப் படத்தில் சிறுநீர்ப்பை வெண்ணிறமாகத் தெரிந்தது. கல் இல்லை, சுண்ணாம்புச் சேறு என்றார் மருத்துவர். தோலுக்கடியில் திரவம் ஏற்றி, தண்ணீர் அதிகம் குடிக்கவைத்து, உணவை மாற்றச் சொல்லி அனுப்பினார்.

தட்டில் இருந்தவை

பெரும்பாலான பாலூட்டிகளின் குடல் தேவையான அளவுக்கே சுண்ணாம்புச்சத்தை உறிஞ்சும். மிச்சம் சாணத்தோடு போய்விடும். முயலின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உணவில் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கூடுதலாக இரத்தத்தில் ஏறி, மிகையானது சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். அந்தப் பாலூட்டிகளில் சிறுநீர் வழி போவது நூற்றில் இரண்டு பங்கைத் தாண்டாது என்றால், முயலில் அது பாதிப் பங்கை நெருங்கும். முயலின் சிறுநீர் ஓரளவு கலங்கலாக இருப்பது இயல்பு, சேறாவது இயல்பன்று. ஆண் முயலின் சிறுநீர்ப் பாதை குறுகலானது என்பதால் ஆபத்தும் அதற்கே அதிகம்.

அந்த வீட்டில் சுக்கு ஒரு நாளைக்குத் தின்றவற்றைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். குதிரை மசால் (அல்ஃபால்ஃபா) என்னும் தீவனப் பயிரால் செய்த குருணை 60 கிராம். அதன் பையிலேயே சுண்ணாம்புச்சத்து ஒரு விழுக்காடு என்று அச்சிட்டிருந்தது, ஆக 0.6 கிராம். குதிரை மசால் வைக்கோல் 40 கிராம், அதில் 1.3 விழுக்காடு என்று கொண்டால் அரை கிராம். முருங்கைத் தூள் இரண்டு மேசைக்கரண்டி, 14 கிராம், வாழைப்பழத் துண்டோடு பிசைந்து கொடுக்கப்பட்டது. உலர்ந்த முருங்கை இலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்பு உண்டு. ஆகவே அதிலிருந்து 0.28 கிராம். மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 1.4 கிராம் அளவில் வந்தது. இனப்பெருக்கமோ பாலூட்டலோ இல்லாத முழு வளர்ச்சி பெற்ற முயலுக்கு அரை கிராமை ஒட்டிய அளவே போதும்.

வீட்டார் இதைக் கேட்டதும் முருங்கை மீது பழி போட்டார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இலைத்தூள். நான்கு பங்கு குதிரை மசால். ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்த பாத்திரத்தில் கடைசியாக ஊற்றப்பட்ட குவளை முருங்கை, அவ்வளவுதான். குதிரை மசால் வளரும் குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் உரிய தீனி. முயல் கடையில் குட்டியாக வாங்கியபோது கொடுத்த அதே குருணையை இரண்டு வயது வரை யாரும் மாற்றவில்லை என்பதே இந்த வீட்டில் நடந்த மூலத் தவறு. இப்படி மாற்றாமல் விடும் வீடுகள் நிறைய.

முருங்கைக்குக் கிடைத்த பெயர் வீணாகக் கிடைத்ததும் அன்று. நைஜீரியாவிலும் எகிப்திலும் முயல் தீவனத்தில் முருங்கை இலைத்தூளைச் சேர்த்துப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. உலர்ந்த இலையில் கால் பங்கு அளவுக்குப் புரதம். கூடவே உயிர்ச்சத்து ஈ, கரோட்டின், குவெர்செட்டின் போன்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள். சோயாவும் கடலைப் பிண்ணாக்கும் விலையேறிய இடத்தில் அவற்றின் ஒரு பங்கை இந்த இலை ஈடுசெய்யுமா என்பதே அங்கு பலரின் கேள்வி. வெப்பத்தில் வாடும் ஆண் முயல்களுக்கு இலைச்சாறு கொடுத்தபோது விந்தின் தரம் கூடியதாகவும் முடிவுகள் வந்துள்ளன. ஆனால் அங்கே இலை வந்து நிரப்பியது ஒரு பற்றாக்குறையை. இறக்குமதிக் குருணை தட்டு நிறைய இருக்கும் சிங்கப்பூர் வீட்டில் நிரப்ப எந்தக் குறையும் இல்லை. அதோடு, இலைச்சாற்றைச் சினை எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது கரு தங்காமல் போனதாகக் கண்ட ஆய்வுகளும் உண்டு என்பதை, கருத்தரிப்புக்கென்று தூள் விற்பவர்கள் சொல்வதில்லை.

பாட்டியின் இலைகள்

முருங்கை மட்டும் என்றுதான் முதல் நாள் சொன்னார்கள். இரண்டாவது முறை போனபோது பாட்டி வாயைத் திறந்தார். புதுக்கோட்டைப் பக்கம் ஆடு வளர்த்தவர் அவர். வாரம் ஒருமுறை ஒரு கொத்து வேப்பிலை, "வயித்துப் பூச்சிக்குத் தம்பி" என்று, இரண்டு முயலுக்கும் தவறாமல் போயிருக்கிறது. ஆண் எலிகளில் வேப்பிலைச் சாறு விந்தணு எண்ணிக்கையைக் குறைப்பதாக ஆய்வுகள் பேசுகின்றன. வாரம் ஒரு கொத்து அந்த அளவுக்குப் போதுமா என்றால் போதாது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் ஒரே தட்டில் கருவளம் கூட்ட ஓர் இலையும், அதைக் குறைக்கக்கூடிய இன்னோர் இலையும் அருகருகே இருந்ததைக் கேட்டு அந்த வீட்டுப் பெண்மணியே சிரித்துவிட்டார்.

எனக்குக் கவலை தந்தது மூன்றாவது இலை. மாலை நடைக்குப் போகும்போது கால்வாய் ஓரத்தில் தானாக முளைத்து நிற்கும் சவுண்டல் மரத்திலிருந்து இரண்டு கொப்பு ஒடித்து வந்து போட்டிருக்கிறார். ஊரில் சூபாபுல் என்றும், இங்கு மலாய்க்காரர்களிடம் பெத்தாய் பெலாலாங் என்றும் வழங்கும் அதே மரம். ஆட்டுக்கு அது நல்ல தீனிதான். அதன் இலையில், குறிப்பாகத் தளிரில், மிமோசின் என்னும் நச்சு உண்டு. அது முடியை உதிர்க்கும், அதன் சிதைபொருள் தைராய்டைக் கெடுக்கும், கருவளத்தையும் குறைக்கும். ஆட்டின் இரைப்பையில் அந்தச் சிதைபொருளை உடைக்கும் நுண்ணுயிர் இருக்க முடியும். ஹவாய் ஆடுகளில் அதைக் கண்டறிந்து, ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றியவர் ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர். முயலுக்கு அந்தப் பாதுகாப்பை நம்பி இருக்க முடியாது. ஊரில் முயலுக்கென்று பெயர் வாங்கிய பயிரே வேறு: முயல் மசால். பாட்டிக்கு அது தெரியும். ஈசூனில் அது கிடைக்காது என்பதுதான் அவர் வாதம்.

பொதுவிடத்தில் இலை பறிப்பது இங்கே சட்டத்துக்கு உட்பட்டதன்று என்பது ஒருபுறம் இருக்கட்டும். 2020 செப்டம்பரில் முயல் இரத்தக்கசிவு நோய் சிங்கப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது; அதன் நச்சுயிர் தொற்றிய புல், இலை வழியாகவும் வரக்கூடியது. அதைச் சொன்ன பிறகுதான் பாட்டி கொப்பு ஒடிப்பதை விட்டார். மிமோசின் அவரை அசைக்கவில்லை.

நாட்காட்டி

மல்லிக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் அவ்வப்போது முடி இல்லாமல் போவதாகக் குடும்பத்தார் சொன்னபோது, முதலில் நானும் சவுண்டலைத்தான் சந்தேகித்தேன். அந்த வீட்டுச் சிறுமி, தொடக்கநிலை ஐந்தில் படிப்பவள், அதைத் தீர்த்துவைத்தாள்.

குளிர்பதனப் பெட்டியின் பக்கவாட்டில் மளிகைக்கடை கொடுத்த மாத நாட்காட்டி தொங்கியது. பிறை, கார்த்திகை, பிரதோஷக் குறிகளுக்கு நடுவே பென்சிலால் சிறிய எழுத்து: பிப்ரவரியில் ஒரு கட்டத்தில் "சேர்த்தோம்", மார்ச்சில் ஒரு கட்டத்தில் "மல்லி முடி பிச்சு வச்சா". இரண்டுக்கும் இடையே எண்ணினால் பதினேழு நாள். அடுத்த முறை பதினாறு. மூன்றாம் முறை பதினெட்டு. மூன்று முறையும் மல்லி வைக்கோலை வாயில் அள்ளிக்கொண்டு மூலைக்குப் போனதையும், முடியை அதன் மேல் பரப்பியதையும் சிறுமி பார்த்திருக்கிறாள்.

பெண் முயலுக்கு மாதச் சுழற்சி இல்லை. இணை சேர்ந்தால்தான் முட்டை வெளிப்படும், அதுவும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில். முட்டை வெளிப்பட்டுக் கரு தங்காமல் போனால், உடல் சினைப்பட்டதாகவே நினைத்துக்கொண்டு பதினாறு முதல் பதினெட்டு நாள் நடந்துகொள்ளும். கடைசியில் கூடு கட்டும். உண்மையான சினையென்றால் முப்பத்தோராம் நாளை ஒட்டித்தான் கட்டும். ஆகவே பொய்ச் சினை மூன்று முறை வந்தது மல்லியின் சூலகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான சான்று. அவளுக்குக் கருவளம் கூட்டும் இலை எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. முடி போனதும் நச்சாலன்று. மிமோசின் என்றால் மற்ற இடங்களிலும் கொட்டக்கூடும், கூட்டுக்குப் பிய்த்த முடி நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் குறையும். சந்தேகம் சுக்குவின் பக்கம் திரும்பியது.

இரண்டு முயல்களும் கருத்தடை செய்யப்படாதவை என்பதால் பிரித்தே வைத்திருந்தார்கள். மல்லிக்கு வரவேற்பறை, மின்விசிறி, பளிங்குத் தரை. சுக்குவுக்கு மேற்குப் பார்த்த சலவைப் பகுதி. சில வெள்ளிக்கு வாங்கிய வெப்ப, ஈரப்பத அளவியை அங்கே மாட்டினோம். பிற்பகல் மூன்று மணிக்கு 32 பாகை, ஈரப்பதம் 70 விழுக்காடு. எகிப்திய ஆய்வாளர் மராய் முயலுக்கென்று வகுத்த வெப்ப ஈரப்பதக் குறியீட்டில் இதைப் போட்டால் 30.4 வருகிறது. அந்தக் கணக்கின்படி 27.8க்குக் கீழ் இருந்தால் முயலுக்குத் தொல்லையில்லை. 30ஐத் தாண்டினால் மிகக் கடுமையான வெப்ப அழுத்தம். இரவில் 28 பாகையும் 85 விழுக்காடும், குறியீடு 27.4. அதாவது சுக்கு இரவில் மட்டும் மூச்சு விட்டிருக்கிறான்.

முயலுக்கு வியர்வை மிகக் குறைவு. காது வழியும் மூச்சு வழியும்தான் சூடு வெளியேறும். வெப்பம் நீண்டால் விந்தணு எண்ணிக்கையும் இயக்கமும் சரியும். மிதவெப்ப நாடுகளில் இதைக் கோடைக்கால மலட்டுத்தன்மை என்பார்கள். இந்தத் தீவில் கோடை வந்து போவதில்லை, தங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் முயல் ஆய்வு மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் அமைந்தது சும்மா அன்று.

மாற்றமும் அதன் பின்னும்

மருத்துவர் சொன்னபடி சுக்குவின் தட்டு ஒரு வாரத்துக்குள் படிப்படியாக மாறியது. திமோத்திப் புல் வைக்கோல் எவ்வளவு வேண்டுமானாலும். திமோத்திக் குருணை 25 கிராம். நனைத்த கீரை, பெரும்பாலும் சியாவ் பாய் சாய், ஒரு கைப்பிடி. முருங்கைத் தூள், வேப்பிலை, சவுண்டல் மூன்றும் நின்றன. சுண்ணாம்புக் கணக்கு அரை கிராமுக்கு இறங்கியது. அதே வாரத்தில் கூண்டு படுக்கையறைக்குப் போனது. அங்கே பகலில் குளிர்சாதனம் 25 பாகையில் ஓடியது. மின்கட்டணத்தைப் பற்றிக் கணவர் இரண்டு முறை பேசினார், பிறகு பேசவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு வெட்கம் உண்டு. ஒரே வாரத்தில் தீவனம், இலைகள், வெப்பம் மூன்றையும் மாற்றினால், பின்னர் எது வேலை செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சிறுநீர்ப்பையில் சேறு தேங்கிய முயலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவும் முடியாது.

பத்து நாளில் தட்டின் வெள்ளைப் படலம் மெலிந்தது. ஒரு மாதத்தில் மறைந்தது. வாலடி காய்ந்து சுத்தமாயிற்று. இணை சேர்க்க மட்டும் அவசரப்பட வேண்டாம் என்று தடுத்தேன். முயலின் விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ ஐம்பது நாள் பிடிக்கும். இன்று நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் அது விந்தில் தெரிய இரண்டு மாதம் ஆகும். தூள் கொடுத்து இரண்டாவது வாரமே பலன் தேடியவர்களுக்கு இது புதுச் செய்தி. விந்துப் பரிசோதனைக்குக் குடும்பத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே வெப்பம்தான் காரணம் என்பது என் ஊகம், நிரூபணம் அன்று. சுக்குவின் விந்து கருவூட்டியும் அந்தக் கரு முதல் நாள்களிலேயே அழிந்திருக்கலாம் என்ற வாய்ப்பையும் பொய்ச் சினை விலக்கிவிடவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் இணை சேர்த்தார்கள். சிறுமி பதினேழாம் நாளில் ஒரு வட்டம் போட்டு வைத்தாள். அன்று மல்லி வைக்கோலைத் தொடவில்லை. முப்பத்தோராம் நாள் விடியற்காலை ஐந்து குட்டிகள். ஒன்று பிறக்கும்போதே உயிரற்றிருந்தது. நான்கும் தேறின.

பாட்டிக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. முருங்கை உடம்பில் தங்கியிருந்து மெதுவாக வேலை செய்தது என்கிறார். தூள் நின்று பன்னிரண்டு வாரத்துக்கு மேல் கழித்துத் தங்கிய சினை அது என்று காட்டினேன். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "அதான் மெதுவான்னு சொன்னேன்" என்றார்.

குட்டி ஈன்ற அன்றே பெண் முயல் மறுபடி சினைப்படக்கூடும் என்பதால் சுக்குவை அந்தப் பக்கமே விடவில்லை. பின்னர் அவனுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அதற்குப் பிறகும் சில வாரம் கருவூட்டும் திறன் எஞ்சியிருக்கும் என்று மருத்துவர் எச்சரித்ததால் பிரிவு நீடித்தது. மல்லிக்கும் பால் மறந்ததும் செய்யச் சொல்லியிருக்கிறோம். கருத்தடை செய்யாத பெண் முயல்களில் வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று வெகு சாதாரணமாக வருகிறது. எந்த இலையும் அதைத் தடுப்பதாக யாரும் காட்டியதில்லை.

முருங்கை அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது பால் கொடுக்கும் நாள்களில். முயல் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்களே பாலூட்டும். அந்தப் பால் பசும்பாலைவிட மிகக் கெட்டி, சுண்ணாம்பும் புரதமும் நிறைந்தது. நான்கு குட்டிகளுக்கு அதைக் கொடுக்கும் மல்லிக்குத் திமோத்தியோடு குதிரை மசாலையும் சேர்த்தோம். தேக்கா சந்தையில் வாங்கிய பச்சை முருங்கைக் கீரை 30 கிராம், காம்பு நீக்கி, நன்றாகக் கழுவி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதில் வரும் சுண்ணாம்பு 0.1 கிராமை ஒட்டித்தான். இந்த முறை அது போக இடம் இருந்தது.

கீரை ஆய்வது பாட்டியின் வேலை. தரையில் பழைய தமிழ் முரசை விரித்து, கொத்திலிருந்து இலையை உருவி, தராசில் போட்டு, 30க்கு மேல் முள் போனால் இரண்டு இலையை எடுத்துத் தன் பாத்திரத்தில் போட்டுக்கொள்கிறார். அந்தப் பாத்திரம் மாலையில் பொரியலாகிறது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சுக்கு தன் வைக்கோலை மென்றுகொண்டிருக்கிறான். அவன் தட்டை மட்டும் நான் இன்னும் மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்.